சிறுவாடு: நாஞ்சில் நாட்டு அடுக்களையின் எழுதாக் கணக்கு

தமிழில் சில சொற்கள் அகராதியில் ஓரமாகவும் வாழ்க்கையில் நடுவாகவும் இருப்பவை. 'சிறுவாடு' அவற்றுள் ஒன்று. வீட்டுச் செலவுக்கென்று தன் கைக்கு வந்ததில் மிச்சம் பிடித்தும், கோழி வளர்த்தும், மோர் விற்றும், ஓலை முடைந்தும் பெண்ணொருத்தி தனக்கென்று சேர்த்து வைக்கும் சிறு பொருளே சிறுவாடு. கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையின் அடியிலும் கிடந்த இந்தப் பொருளுக்குப் பத்திரமில்லை, பதிவில்லை, சாட்சியில்லை. ஆனால் ஒரு குழந்தை பஞ்ச மாதத்தைக் கடந்ததா என்பதைப் பல வீடுகளில் அதுவே தீர்மானித்தது.

நாஞ்சில் நாட்டைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுக்குக் குறைவில்லை. கோயிற் கல்வெட்டுகள் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகள் உண்டு. திருவிதாங்கூர் அரசின் நிலவரிக் கணக்குகள் உண்டு. நெல் வயலில் விளைந்து களத்துக்கு வந்து, அளக்கப்பட்டு, வாரமும் மேல்வாரமும் கோயிற்பங்கும் போகப் பத்தாயத்துக்குள் நுழையும் வரையில் ஒவ்வொரு மணியையும் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தாயத்திலிருந்து பானைக்கும், பானையிலிருந்து பிள்ளையின் வாய்க்கும் சென்ற வழிக்கு மட்டும் எழுத்து இல்லை. அந்த வழியைக் காத்தவர்கள் பெண்கள். அவர்களுடைய கணக்கு விரல்களிலும் நினைவிலும் இருந்தது. அவர்களோடு அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. இக்கட்டுரை அக்கணக்கின் சில வரிகளையாவது மீட்டுக்கொள்ள நாம் செய்யும் முயற்சி.

இரு பூவும் இடையில் பசியும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே மரபாக நாஞ்சில் நாடு எனப்படுவது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணையும் வரையில் இது திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் நெற்களஞ்சியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேர வாய்த்த மண். பழையாறும் அதன் கால்களும் குளங்களும் பாய்ச்சிய வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இரு போகம் விளைந்தது. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை இந்த ஏற்பாட்டை மேலும் உறுதியாக்கியது.

இரு போகம் விளையும் நாட்டில் சிக்கனத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விளைச்சல் வேறு, வீட்டில் நிற்கும் நெல் வேறு. கும்பப்பூ அறுவடை மாசியில் முடிந்தால் கன்னிப்பூ கைக்கு வர ஆவணி, புரட்டாசி ஆகும். இடையில் வரும் ஆனியும் ஆடியும் மழை மாதங்கள். வெளிவேலை குறைவு, பத்தாயத்தில் நெல்லும் குறைவு, நோய் மட்டும் மிகுதி. மலையாள நாட்டார் கர்க்கடகத்தைப் பஞ்ச மாதம் என்று சொன்னதற்கும், இங்கே ஆடியை அஞ்சியதற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே இல்லத்தலைவியின் ஆண்டு மாசியிலேயே தொடங்கிவிடும். புதுப்புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைப்பது, மிளகாயும் மல்லியும் காயவைப்பது, விதைக்கும் பயற்றைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் கட்டுவது, நெற்குலுக்கைக்குள் வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவது, பலாக்கொட்டையை மண்பூசி மழைக்காலத்துக்கு ஒதுக்குவது, கப்பையும் மரச்சீனியும் என இரு பெயரால் வழங்கும் கிழங்கைச் சீவி அவித்து வாட்டி வைப்பது எல்லாம் வெயிலுள்ள மாதங்களின் வேலைகள். அடுக்களை நாட்காட்டியில் வெயிலும் ஒரு சேமிப்புப் பொருள்.

பத்தாயத்தின் சாவி யாரிடம்?

ஆனால் சிறுவாடு என்னும் வழக்கத்தை வானிலையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அதன் பின்னே ஒரு சட்டம் நின்றது.

நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெரும் பிரிவினரிடம் மருமக்கள்வழி முறை வழங்கிவந்ததை வாசகர்கள் அறிவர். குடும்பச் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல், மாமனிடமிருந்து அவன் உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குச் செல்லும் முறை அது. குடும்பத்தை ஆள்பவர் காரணவர். அண்டை நாட்டு நாயர் குடும்பங்களிலும் இதே முறை இருந்ததென்றாலும், ஒரு பெரிய வேறுபாட்டை இங்கே கருதவேண்டும். நாயர் பெண் திருமணத்துக்குப் பின்னும் பெரும்பாலும் தன் தறவாட்டிலேயே வாழ்ந்தாள்; அவளும் அவள் பிள்ளைகளும் உண்ட சோறு அவர்களுக்கு உரிமையான சோறு. நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண்ணோ மணமானபின் கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். அவள் உழைத்த வீட்டின் சொத்து கணவனின் மருமக்களுக்கு உரியது. அவள் பிள்ளைக்கு உரிமையுள்ள வீடோ அவள் பிறந்த ஊரில் அவளுடைய உடன்பிறந்தான் கையில் இருந்தது. உழைப்பு ஓரிடம், உரிமை வேறிடம்.

கணவன் உள்ளவரை இந்த முரண் வெளித்தெரியாமல் ஓடும். அவன் கண்மூடிவிட்டால், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன உண்டு என்ற கேள்வி எழும். நங்குடைமை, உகந்துடைமை என்ற பெயர்களில் மனைவிக்கும் மக்களுக்கும் ஏதோ ஒரு சிறு பங்கு வழக்காற்றில் இருந்தது. அதைப் பெறுவது காரணவரின் மனத்தையும் ஊராரின் பேச்சையும் நீதிமன்றத்து அலைச்சலையும் பொறுத்தது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' இந்த நிலையை எள்ளி நகையாடிய நூல். காரணவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது அது. சொத்து வழக்குகளால் குடும்பங்கள் அழிந்த கதையாகவே அதை நாம் வகுப்புகளில் நடத்திவருகிறோம். மாமியின் ஆட்சியைச் சொல்லும் 'மாமி அரசியற் படலம்' போன்ற பகுதிகளை நிதானமாகப் படித்தால், அது அடுக்களையின் அரசியலைச் சொல்லும் நூலும் ஆகும் என்பது விளங்கும். அரிசியை அளந்து போடும் கை யாருடையது, முதலில் உண்பவர் யார், கடைசியில் கஞ்சித் தெளிவோடு நிற்பவர் யார் என்ற கேள்விகளைத் தமிழ்க் கவிதைக்குள் அவ்வளவு வெளிப்படையாகக் கொண்டுவந்தவர் கவிமணி.

இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிறுவாட்டின் எடை தெரியும். பத்தாயத்தின் சாவி தன்னிடம் இல்லாத ஒருத்தி, பத்தாயத்துக்கு வெளியே தனக்கென ஒரு சிறு களஞ்சியத்தை உண்டாக்கிக்கொண்டாள். அதைக் கருமித்தனம் என்று மாமியார் சொல்லியிருக்கலாம். களவு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது பிள்ளையின் நாளைய சோறு.

மிச்சம் பிடித்த வழிகள்

நாழி அரிசியை உலையிலிடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவது பிடியரிசி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்பது பழைய வாய்பாடு. நாழிக்கு ஒரு பிடி குறைந்தால் உண்பவர் நாவுக்குத் தெரியாது. வடிக்கும் கஞ்சி சற்று நீர்த்திருக்கும், அவ்வளவே. நாளொரு பிடி மாதக் கடைசியில் சில நாழியாகும். விருந்து வந்தாலும், காரணவர் வெளியூர் போய்ப் படியளக்க ஆளில்லாமல் போனாலும் அந்தக் கலயம் கைகொடுக்கும்.

அடுத்தது, கழிவு என்று பிறர் கருதியவற்றின் மீது பெண்களுக்கு இருந்த உரிமை. நெல்லை அவித்து, காயவைத்து, உரலில் குத்திப் புடைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. முழு அரிசி வீட்டுக்கு. குருணையும் தவிடும் உமியும் குத்தியவளுக்கு. குருணை குழந்தைக்குக் கஞ்சியாகும், கோழிக்குத் தீனியாகும். கோழி முட்டையிடும், முட்டை காசாகும். தவிடு பசுவுக்கு, பசுவின் பால் வீட்டு ஆண்களுக்கென்றாலும் மோரும் சாணமும் அவள் பொறுப்பு. உமிக்கரி பல் துலக்க. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்கு. ஒரு நெல்மணியின் எந்தப் பகுதியும் வீட்டை விட்டு வெறுமனே வெளியேறவில்லை.

தென்னையும் அப்படியே. மட்டையை ஊறவைத்து ஓலை முடைந்தால் கூரைக்கு ஆகும், மிஞ்சியதை விற்கலாம். ஈர்க்கிலைச் சீவி வாரியல் கட்டலாம். சிரட்டையில் காம்பு செருகினால் ஆப்பை. தொண்டை அழுகவைத்துத் தல்லினால் கயிறு. பனை மரம் நிறைந்த ஊர்களில் ஓலையால் கடவமும் பெட்டியும், நாரால் கட்டிலும் உறியும். இத்தனையும் கைவினைப் பொருட்காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல; கடையில் கொடுக்கக் காசில்லாத வீடுகளில் அன்றாடத்தை நடத்தச் செய்யப்பட்டவை.

நெல்லை அவித்துக் குத்தும் வழக்கத்தில் அவர்களே அறியாத ஒரு பெரும்பயன் இருந்தது. புழுங்க வைக்கும்போது தவிட்டிலும் உமியடியிலும் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அரிசி உடைவதும் குறைகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பரவியபோது, தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெருமளவில் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அதிகம் தீண்டவில்லை. பிராடன் என்ற மருத்துவர் 1907இல் இதைச் சுட்டினார். 1909இல் பிரேசரும் ஸ்டாண்டனும் ஆய்வு நடத்தி அரிசியைத் தீட்டுவதே கேடு என்று நிறுவினர். உயிர்ச்சத்து என்ற கருத்தே அறிவியலில் உருப்பெறாத காலம் அது. நம் அடுக்களைப் பழக்கம் ஒன்று கடல் கடந்துபோய் உயிர் காத்த வரலாறு இது.

இடுப்பில் ஒரு குழந்தை

குழந்தையுள்ள வீட்டில் சிக்கனத்துக்கு வேறொரு முறை இருந்தது. பெரியவர்கள் வாயைக் கட்டலாம். பிள்ளையின் வாயைக் கட்ட முடியாது. எனவே பிள்ளைக்கு வேண்டியதை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு மீதியில் குறைப்பதே வழக்கம்.

சோறூட்டும் பருவம் வந்ததும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் பழம் மட்டி. மென்மையும் மணமும் உடைய சிறுபழம். கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு எவ்வளவோ முன்பே அது கொல்லைப்புறத்துக் குழந்தை உணவு. முற்றிய ஏத்தங்காயைச் சீவி, வெயிலில் சுண்டக் காயவைத்து, இடித்துச் சலித்து எடுக்கும் மாவு இன்னொன்று. ஒரு குலையைப் பொடித்து வைத்தால் பல வாரம் வரும். கருப்புக்கட்டி சேர்த்துக் கூழாகக் காய்ச்சுவார்கள். கூவைக்கிழங்கு மாவும் அவ்வாறே வயிற்றுப்போக்குக் காலத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. தகர டப்பாவில் அடைத்த வெளிநாட்டுக் குழந்தை மாவு கடைக்கு வந்தபோது, இவையெல்லாம் ஏழைமையின் அடையாளமாகக் கருதப்பட்டுப் பின்தள்ளப்பட்டன. இன்று அதே ஏத்தங்காய் மாவு வண்ணப் பொதிகளில் உயர்ந்த விலைக்கு விற்கிறது.

துணியிலும் இதே ஒழுங்குதான். பழைய வேட்டி பலமுறை துவைத்து மெத்தென்றானபின் பிள்ளைத்துணியாகும். பிள்ளை வளர்ந்தபின் அதுவே கரித்துணி. கிழிந்த சேலை தொட்டிலாகும். பின் பல அடுக்காக மடித்துத் தைத்தால் விரிப்பு. பிள்ளையின் விளையாட்டுப் பொருள் குருத்தோலையில் பிறந்தது: கிலுக்கு, காற்றாடி, பாம்பு, பந்து. வாடினால் எறிந்துவிட்டு மறுநாள் வேறொன்று முடைந்து தரலாம்.

இந்த அறிவு முழுவதும் குற்றமற்றது என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே தமிழில் பெயருண்டு. சுட்டு உரைத்துப் பச்சிளங்குழந்தையின் நாவில் தடவினர். வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருள் ஆய்வு விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டு, அமெரிக்க அரசு 1968இல் உணவில் அதைச் சேர்ப்பதைத் தடை செய்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், நீர்கூடத் தர வேண்டாம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சேனை வைப்பதும், சீம்பாலைக் கறந்து எறிவதும் முன்னோர் செய்த பிழைகள். அவற்றால் மடிந்த சிசுக்களுக்கும் கணக்கில்லை. முன்னோர் கைத்திறத்தைப் போற்றுவது வேறு, அவர்களுடைய எல்லா முடிவுகளையும் பின்பற்றுவது வேறு. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும் போக்கு இன்று பெருகியிருப்பதால் இதை இங்கே சொல்லவேண்டியுள்ளது.

சேமிக்க ஏதுமில்லாத வீடுகள்

இதுவரை நாம் சொன்னவை நெல் உள்ள வீடுகளின் கதை. நெல்லை விளைவித்துக் கொடுத்தும் நெல் இல்லாத வீடுகளும் இதே நாட்டில் இருந்தன. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அரசாணை 1855இல் வந்தது. அதற்கு முன் வயலோடு சேர்த்து விற்கப்பட்ட மனிதர்கள் இங்கே இருந்தனர். நாற்று நட்ட பெண், வரப்பு மரத்தின் நிழலில் தூளிகட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அன்றைய கூலி நெல் அன்றே குத்தி அன்றே உலைக்குப் போகும் குடிசையில் பிடியரிசி எடுப்பது எங்ஙனம்? சிக்கனம் ஓர் அறம் என்று போதிப்பவர்கள், எடுத்து வைக்க ஒரு பிடியாவது மிஞ்சுபவர்களிடம்தான் அதைப் போதிக்க முடியும்.

இந்த வீடுகளுக்கு வேறு வழியாக ஒரு சிறுவாடு வந்தது. இலண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தி, எழுத்தோடு பின்னல் சரிகை வேலையையும் கற்பித்தார். நாகர்கோவில் சரிகை பின்னாளில் கடல் கடந்து பெயர்பெற்றது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் சரிகை வேலையால் கிடைத்த வருவாயைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. ஊசியும் நூலும் கொண்டு மிச்சம் பிடித்த காசு, ஒரு மனித உயிரின் விலைச்சீட்டைக் கிழித்தது. சிறுவாட்டின் வரலாற்றில் இதைவிட உயர்ந்த பக்கம் இருக்க முடியாது.

அதே ஊசி மற்றொரு போரிலும் நின்றது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை தென்திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 1859 ஜூலை 26இல் வந்த அரசாணை குப்பாயம் அணிய இசைந்தது. ஆயினும் மேற்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று அப்போதும் வரம்பிட்டது. குப்பாயத்தை யார் தைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. மிஷன் பள்ளிகளில் தையல் கற்ற பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைத்தவை அவை. 'வீட்டு வேலை' என்று ஒதுக்கப்பட்ட ஒரு திறன், தெருவில் ஒருத்தி நிமிர்ந்து நடப்பதற்கான கருவியாக இருந்தது.

பிடியரிசி ஊர்ப்பொருளானபோது

பிடியரிசிக்கு வீட்டுக்கு வெளியிலும் ஒரு வரலாறு உண்டு. வீட்டுக்கொரு பிடி எடுத்துவைத்து வாரந்தோறும் திரட்டினால் ஒரு பள்ளியை நடத்தலாம் என்று கண்டவர்கள் விருதுநகர் நாடார் சமூகத்தார். அங்குள்ள க்ஷத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. இந்தியாவின் மறுகோடியான மிசோரத்தில் கிறித்தவப் பெண்கள் 1910 முதல் இதே முறையில் கைப்பிடி அரிசி ஒதுக்கித் திருச்சபையை நடத்திவருகிறார்கள். தொடர்பே இல்லாத இரு நாட்டுப் பெண்களின் கை ஒரே அசைவைக் கற்றிருந்தது.

பிடியரிசிப் பள்ளியில் படித்த பிள்ளை முதலமைச்சரானபின், 1956இல் தொடங்கிய பகலுணவுத் திட்டத்துக்கும் ஊர்மக்கள் தந்த நெல்லும் காய்கறியும் பொருளும் தொடக்கத்தில் துணைநின்றன. அதே ஆண்டில்தான் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்கள் அவரையே தம் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

இடையே இன்னொரு சோதனையும் வந்தது. 1942இல் பர்மா சப்பானியர் கையில் வீழ்ந்தபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. தன் உணவில் பெரும்பகுதிக்கு வெளியரிசியையே நம்பியிருந்த திருவிதாங்கூர் திண்டாடியது. விசாகம் திருநாள் மகாராசா (ஆட்சிக்காலம் 1880-1885) ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனி அந்நாளில் ஏழைகளின் சோறாயிற்று. கிழங்கும் சாளை மீனும் சேர்ந்த உணவு குமரியின் மேற்குப் பகுதியில் இன்றும் நிலைத்திருப்பது அந்தப் பசியின் நினைவுச்சின்னம். கிழங்கை அவித்த முதல் நீரை வடித்துக் கொட்டவேண்டும் என்ற அடுக்களை விதியும் வெறும் பழக்கம் அன்று. கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு நஞ்சை அது குறைக்கிறது.

அந்தக் காசு யாருடையது?

இறுதியாக, தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். பெண் மிச்சம் பிடித்த பொருள் யாருக்குச் சொந்தம்?

நாஞ்சில் நாட்டில் இதற்கான முதல் சட்ட விடை கொல்லம் 1101ஆம் ஆண்டில், அதாவது 1926இல் வந்தது. திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மனைவி மக்களின் வாரிசுரிமையையும் குடும்பச் சொத்துப் பிரிவினையையும் ஏற்றது. கவிமணியின் மான்மியம் அச்சட்டத்துக்கு மனநிலையை ஆயத்தம் செய்த நூல் என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர் ஒப்புவர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. பெண் தன் திறமையாலோ உழைப்பாலோ ஈட்டிய பொருளும் அவளுக்கு முழு உரிமையானது என்று அதன் 14ஆம் பிரிவு கூறுகிறது. சிறுவாட்டுக்கு இதைவிடத் தெளிவான சட்ட இலக்கணம் வேண்டுமா?

நாகரிகத்தில் நம்மை விஞ்சியதாகத் தன்னைக் கருதிய இங்கிலாந்தில் நிலை என்ன? 1943இல் ஒரு வழக்கு. கணவன் தந்த வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து, விடுதிக்காரரையும் வைத்துக்கொண்டு, மனைவி ஒருத்தி கூட்டுறவுச் சங்கத்தில் நூறு பவுனுக்குச் சற்று மேல் சேர்த்திருந்தாள். அந்தப் பணம் முழுவதும் கணவனுடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதியாவது மனைவிக்கு என்று சட்டம் மாற 1964 வரை காத்திருக்க நேர்ந்தது. அரிசிக் கலயத்தில் ஒளித்துவைத்த நாஞ்சில் நாட்டுப் பெண், சங்கத்தில் பெயர் பதிந்து சேமித்த ஆங்கிலப் பெண்ணைவிட விவரமானவள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு பெருந்தாள்கள் செல்லாதவையானபோது, இந்தியா முழுவதும் அரிசிப் பானைகள் கவிழ்க்கப்பட்டன. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்த சிறுவாட்டை வரிசையில் நின்று மாற்றவேண்டிய நிலை பெண்களுக்கு வந்தது. பொருளியல் அறிஞர் எவர் கணக்கிலும் வராத ஒரு கருவூலம் ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்கு இழுக்கப்பட்டது. அவ்வாறு இல்லத்தரசியர் வங்கியில் இட்ட இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளலாகாது என்று ஆக்ரா வருமான வரித் தீர்ப்பாயம் 2021இல் கூறியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஆழமாகச் சென்றது. வீட்டைப் பார்த்துக்கொண்டும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் கணவன் பொருளீட்ட வழிசெய்த மனைவிக்கு, அந்த ஈட்டத்தால் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்றது அத்தீர்ப்பு. பத்தாயத்தின் சாவி கைமாற எடுத்துக்கொண்ட காலத்தை எண்ணிப்பாருங்கள்.

இன்று நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் வெகுவாகச் சுருங்கிவிட்டன. வாழைத்தோப்பும் வீட்டுமனையும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. குலுக்கையும் உரலும் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன. பிடியரிசியின் இடத்தில் மகளிர் குழுவின் வாரச் சந்தா வந்திருக்கிறது. இம்மாற்றங்களுக்காக அழுவது நம் நோக்கம் அன்று. உரல் குத்திய கைகளுக்கு ஆலை வந்தது விடுதலை. சிறுவாட்டை ஒளித்துவைக்க வேண்டாத நிலை வந்தால் அது பெருவிடுதலை.

நமக்குள்ள கடன் வேறொன்று. 'முன்பெல்லாம் பெண்கள் எவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார்கள்' என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அந்தச் சிக்கனம் எந்த அச்சத்திலிருந்து பிறந்தது, யாருடைய உரிமையின்மைக்கு அது ஈடாக நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே அப்பாராட்டு நேர்மையாகும். எண்பது வயதைக் கடந்த ஆச்சிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். எந்தக் கலயத்தில் என்ன வைத்தீர்கள், அதை எதற்குச் செலவிட்டீர்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. முதலியார் ஓலைகளுக்கு இணையான ஆவணம் அவர்கள் சொல்லும் அந்தக் கணக்கு.